'கேடி' வென்ற கோப்பை!

போலீஸ் ஸ்டேஷனில் 'கேடி' என்றால் ஒரு அர்த்தம். சுவரில் போட்டோ தொங்கும். கோல்ப் மைதானத்தில் 'கேடி' என்றால் ஆளே வேறு. பெரிய மனிதர்கள் பந்து அடிப்பார்கள். மட்டைகள் அடைத்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வெயிலில் மைல் கணக்கில் அவர்கள் பின்னாலேயே நடப்பவர்தான் கேடி. பந்து புதருக்குள் போனால் தேடி எடுப்பதும் அவர்தான். கூலி அன்றன்றைக்கு.

நாட்டின் பெரிய கோல்ப் போட்டி 'இந்தியன் ஓப்பன்'. அதை வென்ற நம்மவர்கள் யார் யார் என்று பார்த்தால் ஆச்சரியம்தான்! டெல்லியில் பை தூக்கிய அலி ஷேர் 1991-லும் 1993-லும் வென்றார். பெங்களூரில் பை தூக்கிய முனியப்பா 2009-ல் வென்றார். கல்கத்தாவின் சவுராசியா 2016, 2017 என்று அடுத்தடுத்து இரண்டு வருடம் கோப்பையைத் தூக்கினார். வசதியான வீட்டுப் பிள்ளைகளும் வென்றிருக்கிறார்கள். ஆனால் இந்த மூன்று பேரும் மைதானத்துக்குள் நுழைந்தது மெம்பராக அல்ல, வேலைக்காரராக!

தோட்டக்காரர் மகன்

கும்மிடிப்பூண்டி வழியாகப் போகும் ஜி.என்.டி. ரோட்டை விடாமல் பிடித்துக்கொண்டு வடக்கே போனால் கல்கத்தா. அங்கே 1829-ல் தொடங்கிய ராயல் கல்கத்தா கோல்ப் கிளப் இருக்கிறது. பிரிட்டனுக்கு வெளியே உலகத்திலேயே பழைய கோல்ப் கிளப் என்று பெயர். அங்கே புல்தரையைப் பராமரிக்கும் தொழிலாளி ஒருவருக்கு 1978-ல் பிறந்த மகன்தான் ஷிவ் சங்கர் பிரசாத் சவுராசியா.

கோச் கிடையாது. மற்றவர்கள் அடிப்பதைப் பார்த்துப் பார்த்து, பத்து வயது வாக்கில் தானாகவே கற்றுக்கொண்டார். பை தூக்கினார். 1997-ல் தொழில்முறை ஆட்டக்காரர் ஆனார்.

கோல்பில் யார் குறைந்த அடியில் பந்தைக் குழியில் தள்ளுகிறாரோ அவரே ஜெயித்தவர். நாலு நாள், நாளுக்கு 18 குழி. சவுராசியா குட்டையான ஆள். பந்தை வெகுதூரம் விளாசுவதில் மற்றவர்கள் அவரை முந்திவிடுவார்கள். குழிக்குப் பக்கத்தில் வந்துவிட்டாலோ ஆள் கில்லாடி!

2008 பிப்ரவரியில் டெல்லியில் 'இந்தியன் மாஸ்டர்ஸ்' நடந்தது. ஐரோப்பியச் சுற்றுப் போட்டி இந்தியாவுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. தென் ஆப்பிரிக்காவின் எர்னி எல்ஸ் போன்ற ஜாம்பவான்கள் வந்திருந்தார்கள். தோட்டக்காரர் மகனை யாரும் கணக்கிலேயே வைக்கவில்லை. கடைசியில் இரண்டு அடி வித்தியாசத்தில் ஜெயித்தது அவர்தான். பரிசு, ஒன்றரைக் கோடி ரூபாய்க்கு மேல்!

இந்தியன் ஓப்பன் மட்டும் கைக்கு எட்டிக்கொண்டே நழுவியது. 2013-ல் ஒரே ஒரு அடியில் போயிற்று. 2015-ல் இன்னும் கொடுமை. கடைசி நாள் காலையில் அனிர்பன் லாஹிரியைவிட ஏழு அடி முன்னால் இருந்தார் சவுராசியா. மாலையில் இருவரும் சமம். கூடுதல் குழியில் லாஹிரி ஜெயித்துவிட்டார். வேறொருவராக இருந்தால் மனம் உடைந்து போயிருப்பார். சவுராசியா மறுவருடமே வந்து அதே லாஹிரியைப் பின்னுக்குத் தள்ளிக் கோப்பையை வாங்கினார். 2017-ல் வித்தியாசம் ஏழு அடி! நடுவில் ரியோ ஒலிம்பிக்கிலும் ஆடினார். 2017-ல் அர்ஜுனா விருதும் வந்தது.

மழையில் நின்ற சிவசங்கர்

கடல் தாண்டி இன்னொரு சிவசங்கர் இருந்தார். அவர் கதை வேறு மாதிரி முடிந்தது.

1860-ல் சென்னைத் துறைமுகத்திலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் தென் ஆப்பிரிக்காவின் டர்பனுக்குப் போனது. கரும்புத் தோட்டக் கூலிகளோடு போன முதல் கப்பல். திருவள்ளூரை உள்ளடக்கிய அன்றைய செங்கல்பட்டு ஜில்லாவிலிருந்தும் பிறகு ஜனங்கள் அப்படிப் போனார்கள். வடக்கத்தியர்களும் போனார்கள். அந்த டர்பனில் இந்திய வம்சாவளியில் பிறந்தவர் 'பாப்வா' செவ்கோலம். முதல் பெயர் சிவசங்கர்தான். வெள்ளைக்கார குமாஸ்தாக்கள் எழுதி எழுதி 'செவ்சங்கர்' ஆகியிருந்தது.

அவரும் கேடி. எழுதப் படிக்கத் தெரியாது. மட்டையைப் பிடிப்பதே தலைகீழாக. எந்தக் கை மேலே இருக்க வேண்டுமோ அது கீழே இருக்கும். அப்படிப் பிடித்தே 1959, 1960, 1964 மூன்று தடவை ஹாலந்து நாட்டுக் கோப்பையை வென்றார்! சொந்த ஊரிலோ நிறவெறிச் சட்டம். 1963-ல் டர்பனில் வெள்ளையரோடு மோதி நேட்டால் ஓப்பனை ஜெயித்தபோது மழை கொட்டியது. கிளப் கட்டடத்துக்குள் இந்தியர் கால் வைக்கக் கூடாது. வெளியே மழையில் நிற்க வைத்துக் கோப்பையைக் கொடுத்தார்கள். அந்தப் போட்டோ உலகம் பூராவும் போயிற்று.

1965-ல் அதே போட்டியில் உலக சாம்பியன்களில் ஒருவரான கேரி பிளேயரையே தோற்கடித்தார். அதன்பின் போட்டிக் கதவுகளே மூடப்பட்டன. பாஸ்போர்ட்டும் பறிபோனது. 1978-ல் ஏழையாகவே இறந்தார். அதே வருடம்தான் கல்கத்தாவில் சவுராசியா பிறந்தார். பின்னாளில் டர்பனில் ஒரு கோல்ப் மைதானத்துக்குப் பாப்வாவின் பெயரை வைத்தார்கள்.

கேட் திறக்குமா?

ஞாயிற்றுக்கிழமை கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கமோ காக்களூர் தொழிற்பேட்டைப் பக்கமோ போய்ப் பாருங்கள். லாரி நிற்கும் மண் தரையில் செங்கல்லை ஸ்டம்பாக அடுக்கிப் பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். உள்ளூர்ப் பிள்ளைகளும் உண்டு. பீகார், ஒடிசாவிலிருந்து வந்த தொழிலாளிகளின் பிள்ளைகளும் உண்டு. டிரெய்லர் ஹாரன் அடித்தால் ஆட்டம் கலையும். டயரில் ஒருவன் மாட்டினால் அது மறுநாள் பேப்பரில் நாலு வரிச் செய்தி.

பக்கத்திலேயே காம்பவுண்டு சுவர். சில பெரிய ஆலைகளில் உள்ளே நல்ல புல்தரையே இருக்கிறது. தண்ணீர் ஊற்றி வளர்ப்பவர் அந்தப் பையன்களில் ஒருவனின் அப்பாவாகக்கூட இருக்கலாம். அவன் உள்ளே போனால் மட்டும் செக்யூரிட்டி விரட்டுவார்!

இங்கே கோல்ப் மைதானம் கட்டு என்று யாரும் கேட்கவில்லை. அதற்கு நூறு ஏக்கருக்கு மேல் வேண்டும். தண்ணீருக்கு எங்கே போவது? வாரத்தில் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை மட்டும், காலை ஆறு மணியிலிருந்து பத்து மணி வரை அந்தப் புல்தரையைத் தொழிலாளர் பிள்ளைகளுக்குத் திறந்துவிட ஆலை நிர்வாகங்கள் முன்வர வேண்டும். தொழிற்பேட்டைக்கு நிலம் அளக்கும்போது லாரி ஷெட்டுக்கு இடம் ஒதுக்குவது போல விளையாட்டுத் திடலுக்கும் சிப்காட் அதிகாரிகள் இடம் ஒதுக்க வேண்டும். கலெக்டர் கூப்பிட்டுப் பேசினால் முதல் காரியம் ஒரு வாரத்தில் முடிந்துவிடும். பைசா செலவில்லை. கேட் சாவி செக்யூரிட்டி ரூமில்தான் தொங்குகிறது.