அலைவரிசையை விட்டு இறங்கும் விளையாட்டுப் பேச்சு

நாள் முழுவதும் விளையாட்டை மட்டுமே பேசிய முதல் வானொலி, 1987 ஜூலை 1இல் நியூயார்க்கில் தொடங்கிய டபிள்யூஎஃப்ஏஎன். முந்தைய இரவு பந்தைக் கோட்டைவிட்ட வீரரை நேயர்கள் தொலைபேசியில் வறுத்தெடுப்பதே அதன் உயிர்நாடி. மைக் ஃபிரான்செஸாவும் கிறிஸ் ரூசோவும் 1989 முதல் 2008 வரை பிற்பகல்தோறும் அந்தச் சண்டைக்குத் தூபம் போட்டனர்.

காரில் வேறு துணை இல்லாதவரை விளம்பரம் குவிந்தது. கைபேசி அதைக் கலைத்தது. பாட்காஸ்டுக்கு உரிமமும் வேண்டாம், கோபுரமும் வேண்டாம். கேட்கும் நேரம் நேயரின் விருப்பம். 2020இல், விளையாட்டு பாட்காஸ்டுகளைத் தயாரிக்கும் பில் சிம்மன்ஸின் ‘தி ரிங்கர்’ நிறுவனத்தை ஸ்பாட்டிஃபை வாங்கியது. டபிள்யூஎஃப்ஏஎன்னின் உரிமையாளரான ஆடசி 2024 ஜனவரியில் திவால் பாதுகாப்பு கோரியது. பழைய கடன்சுமைக்கும் அதில் பங்குண்டு. பாட்காஸ்டின் கண்ணோ நாடறிந்த அணிகள்மீதே. சிற்றூர்ப் பள்ளியின் வெள்ளிக்கிழமை ஆட்டத்தைப் பற்றிக் கொதிப்பவரின் அழைப்பை எடுக்க அங்கே ஆள் குறைவு.