இருவர் பெயரில் ஒரு வீடு

திருமணம் செய்துகொள்ளாமல் சேர்ந்து வாழும் இருவர் அடுக்குமாடி வீடு ஒன்றைக் கூட்டாக வாங்குவது நம் நகரங்களில் இன்று அதிசயமில்லை. வங்கிக் கடனில் இருவரும் கையெழுத்திடுகிறார்கள். கிரயப் பத்திரத்தில் இருவர் பெயரும் ஏறுகிறது. சட்டத்தின் கண்ணில் தாங்கள் சேர்ந்து சொத்து வாங்கிய இரண்டு அந்நியர்கள் என்பது பிரியும்போதுதான் அவர்களுக்குத் தெரியவருகிறது.

குடும்ப நல நீதிமன்றத்துக்கு இவர்கள் போக முடியாது. 1984-ம் ஆண்டுச் சட்டம் அதற்குத் தந்துள்ள சொத்து வழக்கு அதிகாரம் தம்பதியர் இடையிலான பூசலுக்கே உரியது. உரிமையியல் நீதிமன்றத்தில் பாகப்பிரிவினை வழக்குப் போட வேண்டும். இரண்டு படுக்கையறை வீட்டைச் சுவர் எழுப்பிப் பிரிக்க முடியாதே! ஆகவே 1893-ம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டப்படி விற்றுப் பங்கிட வேண்டும். அல்லது ஒருவர் பாகத்தை மற்றவர், நீதிமன்றம் மதிப்பிடும் விலைக்கு வாங்கிக்கொள்ள வேண்டும்.

யாருக்கு எவ்வளவு என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், போட்ட பணத்தின் விகிதப்படி பாகம். அதற்கு ஆதாரம் இல்லையென்றால் சரிபாதி. சொத்து மாற்றுச் சட்டத்தின் 45-வது பிரிவு சொல்வது இது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால், மாதத் தவணை ஒருவர் கணக்கிலிருந்து போயிருக்கும். மளிகை, மின்கட்டணம், பராமரிப்புக் கட்டணம், வேலைக்கார அம்மாவின் சம்பளம் எல்லாம் இன்னொருவர் கையிலிருந்து போயிருக்கும். இரண்டும் சேர்ந்துதான் அந்த வீடு நடந்தது. பத்தாண்டு கழித்து வங்கிக் கணக்கு அறிக்கை முதலாமவருக்கு மட்டுமே சாட்சி சொல்லும். இரண்டாமவர் பெரும்பாலும் பெண் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2011-ல் இப்படியொரு வழக்கில், பத்திரத்தில் இருவர் பெயர் இருந்தும் 90-க்கு 10 என்று பிரித்தது. ஆண் வெளியேறிய பிறகு பதினான்கு ஆண்டுகளுக்கும் மேலாக வீட்டைத் தாங்கியவர் பெண். இருவரின் எண்ணமும் காலப்போக்கில் மாறியதை அவர்களின் நடத்தையிலிருந்தே நீதிபதிகள் ஊகித்தார்கள்.

நம்மிடம் 2005-ம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. ‘திருமணத்தை ஒத்த உறவு’ என்று அது ஏற்கும் உறவுக்கான நிபந்தனைகளை, கோவையிலிருந்து போன ஒரு வழக்கில் 2010-ல் உச்ச நீதிமன்றம் வகுத்தது. ஆனால், அச்சட்டம் பெண்ணுக்குக் குடியிருக்கும் பாதுகாப்பைத் தருகிறதே தவிர, வீட்டில் பாகம் தருவதில்லை.

மற்ற சட்டங்களோ இன்னும் கறார். மனைவி பெயரில் கணவர் தன் கணக்கில் வந்த பணத்தால் வீடு வாங்கலாம். இணையர் பெயரில் வாங்கினால் பினாமிச் சட்டம் குறுக்கே நிற்கும். பணம் என்னுடையது என்று வழக்குத் தொடுக்கவும் முடியாது. பெருந்தன்மையோடு ஒருவர் தன் பாகத்தைச் சும்மா விட்டுக்கொடுத்தாலும் பெறுபவர் வருமான வரி கட்ட நேரலாம். வரிச் சட்டத்தின் உறவினர் பட்டியலில் இணையர் இல்லை. பாகத்தை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதியதும் கடனிலிருந்தும் விடுதலை என்று நினைப்பவர்கள் உண்டு. வங்கி சம்மதித்து எழுத்தில் தராதவரை, முழுக் கடனுக்கும் இருவருமே பொறுப்பு.

ஆகவே, யாருக்கு எத்தனை விழுக்காடு என்பதைக் கிரயப் பத்திரத்திலேயே எழுதிவிட வேண்டும். வீட்டுச் செலவு எப்படிக் கணக்கில் சேரும், பிரிந்தால் வாங்கும் முதல் உரிமை யாருக்கு என்பதற்குத் தனி ஒப்பந்தம் வேண்டும். காதலுக்கு நடுவே பத்திரமா என்று கேட்பார்கள். கட்டுக் கட்டாகக் கடன் தாள்களில் கையெழுத்திட்டவர்களுக்கு இன்னும் இரண்டு தாள் பாரமாகிவிடாது.

அரசு செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் கணவன் மனைவிக்கு விடுதலைப் பத்திரம் எழுதினால் முத்திரைத் தீர்வை 1 விழுக்காடு, அதற்கும் உச்சவரம்பு உண்டு. மணமாகாத கூட்டு உரிமையாளர் எழுதினால் 7 விழுக்காடு. வாங்கிய அன்றே முழு வீட்டுக்கும் தீர்வை கட்டியவர்களிடம், ஒரே வீட்டின் பாகத்தைத் தங்களுக்குள் மாற்றிக்கொள்வதற்கு மீண்டும் முழுத் தீர்வை வசூலிப்பதற்குக் காரணம் ஏதும் இல்லை. அந்தச் சலுகையைக் கூட்டு உரிமையாளர் எல்லோருக்கும் விரிக்க ஓர் அரசாணையே போதும்.