எழுதிய கைகளே திருத்தவும் வேண்டும்
2017இல் பேராசிரியர் மு. அனந்தகிருஷ்ணன் தலைமையில் உயர்மட்டக் குழு அமைந்தபோது, தமிழ்நாட்டு மேல்நிலைப் பாடத்திட்டம் பத்தாண்டுக்கு மேல் பழையதாகியிருந்தது. பல்கலைக்கழகப் பேராசிரியர்களும் பள்ளி ஆசிரியர்களும் சேர்ந்து பாடநூல்களை எழுதினார்கள். 2018இல் 1, 6, 9, 11ஆம் வகுப்புகளுக்குப் புதிய நூல்கள் வந்தன. அரிய கூட்டுழைப்பு அது. ஆனால் நூல் கனத்த அளவுக்குப் பாடவேளை கூடவில்லை. மேல்நிலை மாணவர்கள், குறிப்பாகத் தனிப்பயிற்சிக்கு வழியில்லாதவர்கள், திணறினார்கள். இப்போது பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வும் நீக்கப்பட்டுவிட்டது. அந்த ஆண்டுப் பாடத்தை விட்டுவிட்டு நேரே பன்னிரண்டுக்குத் தாவும் பழைய வழக்கம் மீண்டும் தலைதூக்க விடக்கூடாது. எதைக் குறைப்பது, எதை வைப்பது என்பதை அன்றாடம் கரும்பலகை முன் நிற்பவர்களே அறிவார்கள். அடுத்த திருத்தக் குழுவில் அவர்களுக்குப் பாதி இடம் கொடுங்கள்.