வளையத்துள் வளையம்

காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயிலுக்கு யாத்திரை சென்றவர்கள் அங்குள்ள நூற்றுக்கால் மண்டபத்தில் தொங்கும் கற்சங்கிலியைக் கண்டிருப்பர். ஒரே கல்லிற் செதுக்கிய வளையங்கள் ஒன்றையொன்று கோத்து நிற்கின்றன. எவ்வளையத்திலும் வெட்டுமில்லை, ஒட்டுமில்லை. கண்டி நகரத்து நகைப் பட்டறையிலே பொற்கொல்லர் சங்கிலி செய்யும் முறை வேறு. அவர் ஒரு வளையத்தின் வாயைத் திறந்து, மற்றொன்றை மாட்டி, பொடி வைத்து ஊதி வாயை மூடிவிடுகிறார்.

கண்ணுக்குப் புலப்படாத மூலக்கூறுகளையும் இவ்வாறு கோக்கலாகுமா என்பது இரசாயன அறிஞரை நெடுநாள் அலைக்கழித்த வினா. சாதாரணமாக அணுவோடு அணு பிணைந்தே மூலக்கூறு உருவாகின்றது. இங்கோ இரு வளையங்களுக்கிடையே பிணைப்பெதுவும் இல்லை. ஆயினும் ஒன்றை உடைத்தாலன்றி மற்றொன்றைப் பிரிக்க முடியாது. 1960 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் எடெல் வாசர்மன் என்பார் இதனை முதன்முதலாகச் செய்து காட்டினார். நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகள் வளையமாக மூடிக்கொள்ளும்போது, அவற்றுட் சில தற்செயலாக வேறு வளையத்தினூடே புகுந்திருக்கும் என்பதே அவருடைய நம்பிக்கை. கிடைத்ததோ மிகச் சொற்பம். 1983 இல் பிரான்சு நாட்டின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரிலே ழான் பியர் சோவாஜ் என்பாரும் அவர் குழுவினரும் தற்செயலை நம்பியிராமல் ஓர் உபாயம் செய்தனர். ஒரு வளையத்தையும், பிறை போன்ற ஒரு துண்டையும் செப்பு அயன் ஒன்று பற்றிப் பிடித்துக் குறுக்காக நிறுத்திற்று. பிறையின் வாயை மூடிவிட்டுச் செம்பை அகற்றியதும் இரு வளையங்கள் கோத்தபடி எஞ்சின. மூலக்கூற்று இயந்திரங்களுக்கென 2016 இல் வழங்கப்பட்ட நோபல் பரிசை ஸ்டொடாட், ஃபெரிங்கா என்போருடன் சோவாஜும் பகிர்ந்துகொண்டார்.

மனிதன் இவ்வாறு இரண்டு வளையங்களைக் கோக்கப் பட்ட பாட்டை நினைக்கும்போது, இயற்கையின் கைவேலை நம்மைத் திகைக்க வைக்கின்றது. 1967 இல் வினோகிராட் என்னும் அறிஞரின் ஆய்வுகூடத்தினர், மனிதக் கலங்களின் இழைமணிகளிலே டி.என்.ஏ. வளையங்கள் சில ஒன்றோடொன்று கோத்துக் கிடப்பதைக் கண்டனர். அதனினும் பெரிய விந்தையொன்றைச் சென்னை மாநகரில் ஒருவர் 1903 ஆம் ஆண்டிலேயே, இன்னதென அறியாமலே, கண்ணாரக் கண்டிருந்தார்.

சென்னை அரசினர் பொது மருத்துவமனையில் அக்காலம் பணிபுரிந்த சார்ள்ஸ் டொனோவன் என்னும் வைத்தியரே அவர். காய்ச்சலால் மண்ணீரல் வீங்கிய நோயாளரின் மண்ணீரற் சாற்றை நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்த அவருக்கு முட்டை வடிவான நுண்ணுயிர்கள் தென்பட்டன. இங்கிலாந்தில் லீஷ்மன் என்பவரும் அவற்றையே கண்டிருந்தார். இருவர் பெயரையும் இணைத்து ‘லீஷ்மேனியா டொனோவானி’ என ரொனால்ட் ரோஸ் பெயர் சூட்டினார். அந்த ஒட்டுண்ணியின் உடலுக்குள் இரண்டு புள்ளிகள் தெரியும். பெரியது கரு. அதனருகே சிறு கோல்போல் நிற்கும் மற்றப் புள்ளியே நமது கதாநாயகன்.

அச்சிறு கோல் ஆயிரக்கணக்கான டி.என்.ஏ. வளையங்கள் ஒன்றோடொன்று கோத்துப் பின்னிய வலையாகும். பண்டைப் போர்வீரர் அணிந்த இரும்பு வளையக் கவசத்தை எண்ணிப் பாருங்கள். இதன் உறவினனாய் நுளம்பின் குடலில் வாழும் ஓர் ஒட்டுண்ணியில் ஏறத்தாழ 5,000 சிறு வளையங்களும் 25 பெரு வளையங்களும் உள; ஒவ்வொரு சிறு வளையமும் சராசரியாக மூன்று அயல் வளையங்களோடு கோத்திருக்கின்றது. பெரு வளையங்களிலிருந்து பிறக்கும் செய்திகள் பல பிழை மலிந்தவை. அவற்றைத் திருத்தும் குறிப்புகளையே சிறு வளையங்கள் தாங்கி நிற்கின்றன. விடைத்தாள் திருத்தியே காலங்கழிக்கும் என்போன்றார்க்கு இச்செய்தி ஓர் ஆறுதல்.

கலம் இரண்டாகப் பிரியுமுன் இவ்வளையங்கள் யாவும் பிரதி செய்யப்படல் வேண்டும். அதற்கென உள்ள நொதியம் நம் பொற்கொல்லரைப் போன்றது: ஒரு வளையத்தை வெட்டி, மற்றதை அவ்வாயிலினூடே செலுத்தி, வெட்டிய இடத்தை மீண்டும் ஒட்டிவிடுகின்றது. பற்றீரியாக்களுக்கும் இத்தகைய நொதியங்கள் உண்டு. அவற்றின் வளைய டி.என்.ஏ. இரட்டிக்கும்போது இரு பிரதிகளும் கோத்துக்கொள்ளும். பிரித்துவிட ஆளில்லையேல் பற்றீரியா பெருக மாட்டாது. வைத்தியர் எழுதித் தரும் ‘சிப்ரோஃபுளோக்சசின்’ மாத்திரை, இந்நொதியங்கள் வெட்டியதை ஒட்டவிடாமல் தடுத்தே பற்றீரியாவைக் கொல்கின்றது.

டொனோவன் கண்ட ஒட்டுண்ணி இந்தியாவிலே உயிர்குடிக்கும் கருங்காய்ச்சலை விளைப்பது. இலங்கையில் அதே இனம் பெரும்பாலும் தோலோடு நின்றுவிடுகின்றது. இந்நாட்டிலேயே தொற்றிய முதலாவது தோல் நோயாளர் பற்றி 1992 இல் அறிக்கை வெளியாயிற்று. அம்பாந்தோட்டை, அனுராதபுரம், பொலன்னறுவை என்றிருந்த இந்நோய், நமக்கு அயலான மாத்தளை, குருநாகல் மாவட்டங்களிலும் காணப்படுகின்றது. பரப்புவது நுளம்பினும் மிகச் சிறிய மணல் ஈ.

முகத்திலோ கையிலோ சிறு பரு ஒன்று தோன்றும். நோவதில்லை, அரிப்பதுமில்லை. மாதக்கணக்கில் மெல்லப் பெருத்துப் புண்ணாகும். நோவில்லாப் புண்ணுக்கு வைத்தியரிடம் போவார் யார்? எண்ணெய் பூசியும் மஞ்சள் அரைத்துப் போட்டும் நாளைக் கடத்துவோரே அதிகம். புண்ணிலிருந்து எடுத்த சாற்றை நுணுக்குக்காட்டியில் பார்த்து அவ்விரு புள்ளிகளைத் தேடுவதே வழமையான சோதனை. ஒட்டுண்ணி அருகியிருப்பின் அது கண்ணுக்குத் தப்பிவிடும். அப்போது கைகொடுப்பவை அக்கோத்த வளையங்களே. ஓர் ஒட்டுண்ணியிலேயே சிறு வளையங்கள் ஆயிரக்கணக்கில் இருப்பதால், அவற்றின் டி.என்.ஏ.யைப் பன்மடங்காகப் பெருக்கிக் காட்டும் சோதனைக்குச் சிறு துளியும் போதும்.

சிகிச்சையும் உண்டு. அஞ்சனக் கல்லிலிருந்து பெறும் அந்திமனி உலோகத்தாலான மருந்தைப் புண்ணிலேயே ஊசியால் ஏற்றுவர். அல்லது திரவ நைதரசனால் புண்ணை உறைய வைப்பர். வாரந்தோறும், பல வாரம் வரவேண்டும். மாத்தளைக்கு அப்பாலுள்ள ஒரு கமக்காரருக்கு ஒவ்வொரு வருகையும் ஒரு நாட்கூலியும் பஸ் கட்டணமும் ஆகும். ஆதலால் புண் சிறிதாயிருக்கும்போதே, கண்டியிலோ பேராதனையிலோ உள்ள பெரிய வைத்தியசாலையின் தோல் நோய்ப் பிரிவிற் காட்டிவிடுவது அவருக்குச் செலவு குறைந்த வழி. நான்கு வாரத்துக்கு மேல் ஆறாத, நோவில்லாத பருவொன்றை உங்கள் வீட்டிலோ அயலிலோ கண்டால், இப்பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு அவரை அழைத்துச் செல்லுங்கள்.