சில்லர் வாங்கலியோ சில்லர்!

ரீஃப் தொட்டி வைக்கணும்னு சிங்கப்பூர்ல மீன் கடைக்குள்ள நுழைஞ்சா முதல் கேள்வியே, "சில்லர் இருக்கா?"ங்கறதுதான். அதாங்க, தொட்டித் தண்ணியைக் குளிரவைக்கிற கம்ப்ரஸர் பெட்டி. இல்லேன்னு சொன்னா, குழந்தைக்குத் தடுப்பூசி போடாத அப்பனைப் பார்க்குற மாதிரி ஒரு பார்வை. சாமிகளா, போதும்!

"25 டிகிரிக்கு மேல போனா பவளம் செத்துடும்" என்பது இவங்க வேதவாக்கு. புலாவ் ஹந்து தீவைச் சுத்தி வளர்ற பவளமெல்லாம் அந்த வேதத்தைப் படிக்கல போலிருக்கு. அங்கே கடல் வருஷம் பூரா சுமாரா 27லேர்ந்து 31 டிகிரி வரைக்கும்தான். 31 தொட்டா ஆபத்துங்கறதை நான் மறுக்கல. 1998, 2010, 2016, 2024ல இங்கே பவளங்கள் வெளுத்ததே கடல் சூடேறித்தான். ஆனா 31 ஆபத்துங்கறதுக்கும் 25 கட்டாயம்ங்கறதுக்கும் நடுவுல ஆறு டிகிரி கிடக்கே? வியாபாரமே அந்த ஆறு டிகிரியிலதான் நடக்குது.

என் தொட்டி 200 லிட்டர். வீவக வீட்டு ஹால்ல இருக்கு. தண்ணி மேல காத்து படுற மாதிரி ரெண்டு கம்ப்யூட்டர் ஃபேன், ஒரு பழைய 12 வோல்ட் அடாப்டர். அவ்வளவுதான். பாட்டி வீட்டு மண்பானை தத்துவம். ஒரு லிட்டர் தண்ணி ஆவியானா, வெளிச்சூடு உள்ள வராத பட்சத்துல, இந்தத் தொட்டி கிட்டத்தட்ட 3 டிகிரி இறங்கணும். அதே ஒரு லிட்டரை ஐஸா உறைய வச்சு பாட்டில்ல மிதக்க விட்டா அரை டிகிரிதான். அதுவும் சட்டுனு இறங்கி சட்டுனு ஏறும். பவளத்துக்கு இதைவிடக் கொடுமை வேணாம். இருந்தும் ஐஸ் பாட்டில் கோஷ்டி அடங்க மாட்டேங்குது.

ஃபேன் ஒண்ணும் மந்திரமில்லை. ஜன்னலைச் சாத்தி வச்சா ஆவி அறைக்குள்ளயே நிக்கும், ஃபேன் சும்மா சுத்தும். திறந்து வச்சா எனக்கு 28ல நிக்குது. தினமும் 3 லிட்டர் போகுது. உப்பு ஆவியாகாதுங்கறதால நல்ல தண்ணிதான் ஊத்தணும், ஆர்ஓ தண்ணி. ஒரு வாரம் மறந்தா 35ல இருக்க வேண்டிய உப்பு 39ஐத் தாண்டிடும். சோம்பேறிகள் தாராளமா சில்லர் வாங்கலாம், தப்பில்லை (ஆனா அதுக்கும் கொஞ்சம் தண்ணி ஊத்தித்தான் ஆகணும், ஹிஹி).

அதுக்கு முன்னாடி சூட்டை உள்ள விடாம இருங்களேன்! மலிவா கிடைக்குதுன்னு 250 வாட் மெட்டல் ஹாலைட் பழைய லைட்டை வாங்கி மாட்டிட்டு, அதைக் குளிரவைக்க சில்லரா? எல்இடி போடுங்க. தண்ணிக்குள்ள மூழ்கிக் கிடக்கிற பம்ப் தின்கிற கரண்டும் கடைசியில சூடாத்தான் தொட்டியில இறங்குது, சின்ன பம்ப் போதும். மத்தியானம் லைட்டை எரிய விடாம சாயங்காலத்துக்கு மேல டைமர் வைங்க.

சில்லர் மட்டும் சூட்டை எங்கே கொண்டுபோய்க் கொட்டுதாம்? அதே ஹால்லதான். அப்புறம் ஹாலைக் குளிரவைக்க ஏர்கான்.

பெரிய தொட்டி, பூட்டின அறை, நுணுக்கமான கல் பவளம்னு இறங்கினவர் சில்லர் வாங்கட்டும், சண்டையே இல்லை. ஆனா ரெண்டு காளான் பவளமும் ஒரு ஜோடி கோமாளி மீனும் வைக்க வந்த பையன்கிட்ட, தொட்டியை விட ஜாஸ்தி விலைக்கு ஒரு பெட்டியைத் தள்ளுறது எந்த ஊர் நியாயம்? போன வாரம் அப்படி ஒருத்தன் விலையைக் கேட்டுட்டு, கையில எடுத்த உப்பு வாளியை அப்படியே வச்சிட்டுப் போனான். பின்னாடியே ஓடிப்போய் ஃபேன் கதையைச் சொல்லலாம்னு நினைச்சேன், அதுக்குள்ள பஸ் ஏறிட்டான்.