எரிமலை தரும் உப்பு
இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., வேதியியல்

தொண்டாமுத்தூர்ப் பக்கம் திராட்சை பயிரிடுவோர் மயில்துத்தத்தை நன்கறிவர். சுண்ணாம்பு நீரோடு கலந்து போர்டோ கலவையாக்கிக் கொடிகளுக்கு அடிக்கும் அந்த நீல உப்புதான் நம் ஆய்வுக்கூடத்துக் காப்பர் சல்பேட். சூடேற்றினால் நீர் போய் வெளுக்கும். ஒரு சொட்டு நீர் விட்டால் மீண்டும் நீலமாகும். இதை முதலாமாண்டிலேயே செய்து, ஏட்டில் எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிட்டோம். அந்த நீரற்ற உப்பை எரிமலை தானே ஆக்குகிறது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

எரிமலைப் பிளவுகளில் எழும் வாயுவில் கந்தகத்தோடு சோடியம், பொட்டாசியம், செம்பு முதலியனவும் ஆவியாய் வருகின்றன. கடும் வெப்பத்தில் பிராணவாயுவோடு கூடி, பிளவின் வாயில் சல்பேட்டுகளாய்ப் படிகின்றன. ரஷ்யாவின் கம்சட்காவிலுள்ள தோல்பாச்சிக் எரிமலை இதற்குப் பெயர் போனது. 1975-76-ல் அது பொங்கியபோது எழுந்த கூம்புகள் பல்லாண்டுகள் கழித்தும் புகைந்தன. அந்த மலையில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட புதுக் கனிமங்கள் கண்டறியப்பட்டுள்ளன. 2020-ல் பிலாட்டவ் குழுவினர் அறிவித்த பெட்ரோவைட் அவற்றுள் ஒன்று. பத்துச் சோடியம், ஒரு கால்சியம், இரண்டு செம்பு, எட்டு சல்பேட். நிறம் பச்சை கலந்த நீலம்.

இவ்வகை உப்புகள் பலவற்றுக்கு ஆயுள் குறைவு. ஈரக்காற்று பட்டால் உருமாறும்; மழை பெய்தால் கரைந்தோடும். நம் நாட்டு நிலையை எண்ணும்போது இதுதான் என்னை உறுத்துகிறது. இந்தியாவில் உயிரோடிருக்கும் எரிமலை அந்தமான் கடலிலுள்ள பாரன் தீவு ஒன்றே. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் உறங்கி 1991-ல் விழித்தது. 2017-ல் கோவா தேசியக் கடலாய்வு நிறுவனத்தார் கப்பலிலிருந்தே அது புகை கக்குவதைக் கண்டனர். அதன் உச்சியில் கந்தகம் படிந்திருந்ததை 19-ஆம் நூற்றாண்டிலேயே பார்த்து எழுதியிருக்கிறார்கள். கந்தகம் உள்ள இடத்தில் சல்பேட் தேடுவது நியாயந்தானே? ஆனால் அந்தமானில் ஆண்டில் பாதிக்கு மேல் மழை. தை, மாசியில் போய் எடுக்காததை வைகாசி மழை கொண்டுபோய்விடும்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான் ஒருவனே. தந்தையாரிடம் இதைச் சொன்னேன். "மழைக்குக் கரையற உப்புக்குப் பேரு வெச்சு என்ன சாமி ஆகப்போவுது?" என்றார். பெட்ரோவைட்டின் உள்ளமைப்பு சோடியம் மின்கலத்துக்கு உதவக்கூடும் என்று கண்டறிந்தவர்களே சொன்னதுண்டு. செம்பு போதாது என்ற குறையையும் அவர்களே சொன்னார்கள். அதை வைத்து அவரைச் சமாளிக்க எனக்கு மனமில்லை. குத்தகைத் தோட்டத்துத் திராட்சை இலையில் புதிதாய் ஒரு புள்ளி விழுந்தால், அது இன்னதென்று தெரியும்வரை அவர் உறங்குவதில்லை. இலையைப் பறித்துப் பையில் போட்டுக்கொண்டு வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்குப் பஸ் ஏறிவிடுவார். கனிமம் தேடுவோர் செய்வதும் அதுவே என்றேன். சிரித்தார், ஒப்புக்கொண்டாரா என்பது வேறு!

கனிமம் புதிது என்று சொல்ல, அதன் சேர்க்கையையும் படிக அமைப்பையும் அளந்து சர்வதேசக் கனிமவியல் சங்கத்தின் ஒப்புதல் பெறவேண்டும். அதற்கு முதலில் உப்பு நனையாமல் கைக்கு வரவேண்டும் அல்லவா? பாரன் தீவு பொங்கி அடங்கும்போதெல்லாம் செல்லும் ஆய்வுக் கப்பலில் நம் போன்ற அரசுக் கல்லூரிகளின் வேதியியல் மாணவர் ஒருவரையும் ஏற்றவேண்டும் என்பது என் கோரிக்கை. இடமில்லை என்பார்கள். ஓர் ஆளுக்கும், இறுக மூடிய பத்துக் குப்பிகளுக்கும் எவ்வளவு இடம் வேண்டும்?