அனுப்பிவைக்காதீர்கள், உடன் செல்லுங்கள்

“டாக்டர், இவனை மலைப்பக்கம் ஏதாவது ஒரு முகாமில் ஒரு மாதம் விட்டுவிட்டால் சரியாகிவிடுவானா?”

எங்கள் மனநலப் பிரிவில் பெற்றோர் அண்மைக்காலமாக அடிக்கடி கேட்கும் கேள்வி இது. அவர்கள் கேட்கும்போது, மகன் பக்கத்து நாற்காலியில் தலை கவிழ்ந்து அமர்ந்திருப்பான். பள்ளி செல்ல மறுப்பு, இரவெல்லாம் கைப்பேசி, சிறு சொல்லுக்கும் சீற்றம், எப்போதும் சாத்திய கதவு என்று மாதக்கணக்கில் போராடிக் களைத்த பெற்றோர், இயற்கையைக் கடைசி மருந்தாக எண்ணுவதில் வியப்பில்லை.

இயற்கைக்கு மனத்தை ஆற்றும் வல்லமை உண்டு என்பதை நாங்கள் மறுக்கவில்லை. அமெரிக்க ஆய்வாளர் ராஜர் உல்ரிக் 1984இல் வெளியிட்ட ஆய்வு மருத்துவ உலகம் நன்கறிந்தது. பித்தப்பை அறுவை சிகிச்சை பெற்றவர்களுள், சாளரத்தின் வழியே மரங்களைக் காண முடிந்தவர்கள், செங்கற்சுவரை மட்டுமே கண்டவர்களைவிட விரைவில் வீடு திரும்பினர். வீரியம் மிக்க வலிநீக்கிகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரிடம் திரட்டிய தகவல்களைக் கொண்டு 2019இல் மற்றோர் ஆய்வு வெளியானது. வாரத்தில் 120 நிமிடங்களேனும் பசுமைவெளிகளிலும் நீர்நிலை ஓரங்களிலும் கழித்தவர்களிடம் உடல்நலமும் மனநிறைவும் கூடுதலாகக் காணப்பட்டன. நலமாக இருப்பவர்களே அதிகம் வெளியே செல்கிறார்கள் என்பதும் இதற்கு ஒரு காரணமாகலாம். எனினும் காலை வெளிச்சம் உறக்கத்தைச் சீராக்கும் என்பதிலும், உடலசைவு மனச்சோர்வைத் தணிக்க உதவும் என்பதிலும் எங்களுக்கு ஐயமில்லை.

எங்கள் கருத்து வேறுபாடு ‘விட்டுவிட்டால்’ என்ற அந்த ஒரு சொல்லோடுதான்.

1941இல், போர்க்காலத்தில், வேல்ஸ் நாட்டின் அபர்டோவி என்னும் கடற்கரை ஊரில் கல்வியாளர் கர்ட் ஹான் முதலியோர் இளைஞர்களுக்கான ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினர். கடலும் மலையும் தரும் சோதனைகள் இளம் மாலுமிகளின் மனவுறுதியை வளர்க்கும் என்பது அவர்களது நம்பிக்கை. பிற்காலத்தில் அமெரிக்காவில், சிக்கலுக்குள்ளான பதின்பருவத்தினரைப் பாலைவனத்திலும் காட்டிலும் வாரக்கணக்கில் தங்கவைக்கும் முகாம்கள் பெருகின. பயன் பெற்றவர்களும் உண்டு. ஆயினும், சில பிள்ளைகள் பெற்றோரின் ஒப்புதலோடு நள்ளிரவில் படுக்கையிலிருந்து முன்பின் அறியாதவர்களால் அழைத்துச் செல்லப்பட்டனர். சிலர் முகாம்களிலேயே உயிரிழந்தனர். யூட்டா மாநிலம் 2021இல் இத்தகைய நிறுவனங்கள் மீதான கண்காணிப்பைக் கடுமையாக்கியது. பிள்ளைகளைத் தங்கவைக்கும் நிறுவனங்களில் நிகழும் கொடுமைகளைத் தடுக்கும் நோக்குடன் 2024 டிசம்பரில் கூட்டாட்சிச் சட்டமும் வந்தது. காடும் மலையும் அங்கு எந்தத் தீங்கும் செய்யவில்லை. விருப்பத்தைக் கேளாமல் அனுப்பப்பட்ட பிள்ளைக்கு, எவ்வளவு அழகிய வனமும் நாடுகடத்தப்பட்ட இடமாகவே தோன்றும்.

எங்கள் பிழையையும் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்புவரை, ‘தினமும் அரைமணி நேரக் காலை நடை’ என்று மருந்துச் சீட்டிலேயே எழுதித் தந்தோம். பள்ளி, டியூஷன், வீட்டுப்பாடம் என்ற வரிசையில் அது மற்றுமொரு கடமையாயிற்று. வீட்டில் மற்றுமொரு சண்டையாயிற்று. இப்போது நாங்கள் மகனிடமே கேட்கிறோம். ஒரு மாணவன் நெடுநேர மௌனத்திற்குப் பின், “மீன் பிடிக்கப் பிடிக்கும்” என்றான். அவன் தந்தை ஞாயிறுதோறும் கண்மாய்க் கரையில் அவனோடு தூண்டில் போட்டு அமர்ந்தார். மூன்று வாரங்கள் பேச்சே இல்லை. நான்காம் வாரம், தண்ணீரில் மிதந்த தக்கையைப் பார்த்தபடியே, பள்ளியில் தனக்கு நேர்ந்த அவமானத்தை அவன் சொன்னான். மருந்தும் ஆலோசனையும் அவனுக்குத் தொடர்ந்தன. ஆனால் எங்கள் அறையில் எத்தனை கேட்டும் கிடைக்காத விடை அந்தக் கரையில்தான் கிடைத்தது. முகம் பார்த்துப் பேசத் தயங்கும் பல சிறுவர்கள், தோளோடு தோள் சேர்ந்து ஏதேனும் செய்கையில் பேசிவிடுகிறார்கள்.

எனவே எங்கள் வேண்டுகோள் எளியது. மலைக்கு அனுப்பப் பணம் தேடுமுன், வாரத்தில் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். ஏரிக்கரை, வயல், கடற்கரை, மொட்டைமாடித் தொட்டிச்செடிகள் என எதுவாயினும் அவனே தேர்ந்தெடுக்கட்டும். அறிவுரை வேண்டாம், மதிப்பெண் பேச்சு வேண்டாம், உங்கள் கைப்பேசியும் பையிலேயே இருக்கட்டும். முகாமுக்கே செல்ல அவன் விரும்பினால், அங்குத் தகுதி பெற்ற மனநல வல்லுநர் இருக்கிறாரா, நினைத்தபோது அவன் உங்களோடு பேச முடியுமா, இடையில் திரும்பிவர முடியுமா என்று முதலில் விசாரியுங்கள்.

இயற்கை சிகிச்சைக்குத் துணையே அன்றி மாற்று அன்று. பதின்பருவ ஆண்பிள்ளைகளிடம் மனச்சோர்வு பல வேளைகளில் அழுகையாக வெளிப்படாமல் எரிச்சலாகவே வெளிப்படும். இரண்டு வாரங்களுக்கு மேல் உறக்கமும் உணவும் குலைந்திருந்தாலோ, போதைப் பழக்கம் தெரிந்தாலோ மருத்துவரிடம் அழைத்து வாருங்கள். உயிர் வாழ விருப்பமில்லை என்று ஒருமுறை சொன்னாலும் தாமதிக்காதீர்கள். அவனைத் தனியே விடாதீர்கள். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416 இரவும் பகலும் இயங்குகிறது.

அந்தத் தந்தை இன்றும் கண்மாய்க்குச் செல்கிறார். மீன் அரிதாகவே கிடைக்கிறது என்கிறார். ஞாயிறு காலையில் தூண்டிலை எடுத்துவைத்து அவரை எழுப்புவது இப்போது மகன்தான்.